வீம்புக்கு வாங்கிய சிவப்புக் கார்

அந்தக் காரை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை. வீம்புக்கு வாங்கினேன். கேட்டவர்களிடம் வேறு வேறு காரணம் சொல்லியிருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே கார் என்றால் உயிர், பழைய பொருள்கள் மேல் ஒரு மோகம், இப்படி ஏதேதோ. எல்லாம் பொய். என் தம்பி வாயை விட்டான். அதற்காக வாங்கினேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனுக்குச் சூப்பர்வைசராக இருக்கிறேன். பத்தொன்பது வயதில் மிஷினில் உட்கார்ந்தவள். கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி இங்கே சொல்ல ஒன்றுமில்லை. வீட்டை நான்தான் கட்டினேன். அம்மா, தம்பி, தம்பி மனைவி மூவரும் என்னோடு இருந்தார்கள். வாசலை ஒட்டி, ஷட்டர் போட்ட ஓர் இடம் உண்டு. பின்னால் உதவும் என்று கொத்தனார் காருக்காக விட்ட இடம். கார் இல்லாததால் அங்கே தண்ணீர் டிரம்மும் கால் உடைந்த கட்டிலும் கிடந்தன.

தம்பிக்கு அந்த இடத்தில் மொபைல் கடை வைக்க ஆசை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது, ஷட்டரைத் தூக்கிவிட்டு யாரோ ஓர் ஆள் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். தம்பி பக்கத்தில் நின்று, கண்ணாடி அலமாரி எங்கே வரும் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தான். கடையெல்லாம் வேண்டாம் என்றேன். அந்த ஆளுக்கு எதிரிலேயே தம்பி கேட்டான்:

“உனுக்கு எதுக்கு இந்த எடம்? இன்னா, காரு வாங்கி நிறுத்தப்போறியா?”

சொல்லிவிட்டுச் சிரித்தான். அளக்க வந்தவரும் சிரித்தார். உள்ளே நின்றிருந்த அம்மாவும் சிரித்தாள். மற்ற இரண்டு சிரிப்பையும் மறந்திருப்பேன். அம்மாவின் சிரிப்புதான் குத்தியது.

“ஆமா, நிறுத்தத்தான் போறேன்” என்றேன்.

எங்கள் கம்பெனிக்குப் பின்னால், ஒரு காலத்தில் தோல் காயப்போட்ட கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில் ஒரு சிவப்புக் கார் வருடக்கணக்காக நின்றிருந்தது. பெரிய முதலாளி இளவயதில் ஜப்பானிலிருந்து இறக்கியது. இரண்டே கதவு, இரண்டே சீட்டு. தரையோடு தரையாகப் பதுங்கியிருக்கும். முன்விளக்குகள் மூடிக்குள் ஒளிந்திருக்கும்; ஸ்விட்சைப் போட்டால் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அவர் காலமான பிறகு யாரும் அதைத் தொடவில்லை. தம்பி சிரித்த மறுநாளே அவர் மகனிடம் போய்க் கேட்டேன்.

“அது ஓடாதும்மா, பெரிய பேஜாரு. காயலான் கடைக்குச் சொல்லி வெச்சிருக்கேன். நீ எடுத்தும்போய் இன்னா பண்ணுவே?” என்றார்.

“நிறுத்துவேன் சார்.”

 காயலான் கடைக்காரர் கேட்ட விலைக்கே எனக்குக் கொடுத்துவிட்டார். ஆர்.சி. புக் பத்திரமாக இருந்தது.

லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியபோது தெருவே கூடியது. நான்கு டயரும் காற்றில்லாமல் சப்பையாகக் கிடந்தன. தம்பி சுற்றிச் சுற்றி வந்தான்.

“இது காரா? செத்த மாடு மாரி கீது. ஓடுனாத்தான் அது காரு” என்றான்.

உண்மையில் அன்றுவரை அதை ஓட்டும் யோசனையே எனக்கு இல்லை. இடத்தை அடைத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அவன் அப்படிச் சொன்ன பிறகு, ஓட்டாமல் விடக்கூடாது என்று ஆகிவிட்டது.

பைபாஸ் ரோட்டிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். அவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, தயங்காமல் நேரே என் தம்பி பக்கம் திரும்பினார். “இன்ஜின் ஜாம் ஆயிருக்குண்ணே. மொத்தமா எறக்கணும்.”

“காரு எனுது. எங்கிட்ட சொல்லுங்க” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு மறுபடியும் தம்பியிடமே, “மேடத்துக்கு நீங்களே புரியுற மாதிரி சொல்லிடுங்கண்ணே” என்றார். வந்த வழியே அனுப்பிவைத்தேன். ஒரு ஸ்பேனர் செட்டும் ஜாக்கியும் வாங்கினேன். போனில் வீடியோ பார்த்து நானே ஆரம்பித்தேன்.

அந்தக் காருக்கும் என்னைப் பிடிக்கவில்லை. சீட்டைத் தூக்கினால் எலிக்கூடு. காலடித் தகட்டை மிதித்தால் ஓட்டை வழியே தரை தெரிந்தது. துருப்பிடித்த போல்ட்டுகள் மண்ணெண்ணெயில் ஊறியும் அசையவில்லை. பலங்கொண்டு திருப்பினால் தலை மட்டும் முறிந்து கையோடு வந்தது. ஒருமுறை ஸ்பேனர் நழுவி முழங்கை கிழிந்தது. ஆத்திரத்தில் கதவை எட்டி உதைத்தேன். கால் விரல் வீங்கியதுதான் மிச்சம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகளில் எண்ணெயும் டீசலும் ஊற்றி, தினமும் வேலைக்குப் போவதற்கு முன் நீளக் கம்பி மாட்டி இன்ஜினைத் திருப்பிப் பார்ப்பேன். இரண்டு வாரம் கல் மாதிரி நின்றது. பிறகு ஒரு காலையில் விரற்கடை அளவு நகர்ந்தது. யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போனேன். அன்று லைனில் யாரையும் நான் திட்டவில்லை என்று பெண்கள் பேசிக்கொண்டார்களாம்.

வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. கிரீஸ் கையோடு அடுப்படிக்கு வருகிறேன் என்று தம்பி மனைவி எனக்குத் தனித் தட்டு வைத்தாள். “பொம்பள பண்ற வேலையா இது?” என்று அம்மா தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள். நானும் சும்மா இருக்கவில்லை. தம்பி தூங்கும் ஞாயிற்றுக்கிழமை மதியமாகப் பார்த்துத்தான் தகட்டைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்துவேன்.

கிளட்ச் துருவில் ஒட்டிக்கொண்டிருந்ததால் கியர் பாக்ஸை இறக்க வேண்டியிருந்தது. லைனிலிருந்து இரண்டு பெண்கள் வந்து கைகொடுத்தார்கள். மூவருமாகச் சேர்ந்து இறக்கி, சாக்கு விரித்து, சுவரோரம் வைத்தோம். ஒரு வாரம் கழித்து வேலையிலிருந்து வந்து பார்த்தால் சாக்கு மட்டும் இருந்தது.

தம்பி டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

“கியர் பாக்ஸ் எங்கடா?”

“எது? அந்த இரும்பா? எடத்த அடைச்சிக்கினு கெடந்துச்சி. காயலான் கடைக்காரர் வந்தாரு, போட்டுட்டேன்.”

முகத்தைக்கூடத் திருப்பவில்லை. நான் ஆட்டோ பிடித்துக் காயலான் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் வயதான பாய். கியர் பாக்ஸின் அலுமினியக் கூட்டைச் சம்மட்டியால் உடைத்து, துண்டுகளைத் தனியாகக் குவித்திருந்தார்கள். உள்ளிருந்த பல்சக்கரங்கள் வேறொரு குவியலில் எண்ணெய் வடியக் கிடந்தன. நான் குந்தி உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தேன். பாய் வந்து பார்த்தார்.

“உங்களுதாம்மா? வீட்டு ஆளே குடுக்குறாருன்னு வாங்கினேன். தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டேன். எல்லாத்தையும் எடுத்தும்போ.”

எடுத்துப்போய் என்ன செய்வது? கூடு உடைந்த பிறகு அது வெறும் சக்கரம்தான். ஆனாலும் மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து தம்பியின் காலடியில் கொட்டினேன். புதிதாகப் போட்ட டைல்ஸில் கீறல் விழுந்தது.

“இந்த மாசக் கடைசிக்குள்ள வேற வீடு பாத்துக்கோ” என்றேன்.

அவன் நம்பவில்லை. “ஒரு ஓட்ட காருக்காகவா?”

“காருக்காக இல்ல. நான் வேலைக்குப் போன நேரம் பாத்து வித்தியே, அதுக்காக.”

அம்மா இடையில் வந்தாள். “கூடப் பொறந்தவன இரும்புக்காகத் தொரத்துறியா? அவன் போனா நானும் போறேன்.”

 “நீ இரும்மா” என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. அவள் அன்று சிரித்த சிரிப்பும் கூடவே வந்தது. சொல்லவில்லை.

ஜோலார்பேட்டையில் தம்பி மனைவியின் ஊர்ப்பக்கம் வாடகைக்கு வீடு கிடைத்தது. சாமான் ஏற்றிய அன்று நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, காருக்கு அடியில் படுத்துக்கொண்டேன். செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லை. ஸ்பேனரைச் சும்மா பிடித்திருந்தேன். ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே வெளியே நடப்பவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. அம்மாவின் கால்கள் வந்து நின்றன. வெடித்த குதிகால், நீலப் பட்டை செருப்பு. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். கூப்பிடுவாள் என்று நினைத்தேன். நான் கூப்பிடுவேன் என்று அவள் நினைத்திருக்கலாம். பிறகு அந்தக் கால்கள் வண்டிப் பக்கம் போயின.

அதன் பிறகு காரை முடித்தே தீர வேண்டியிருந்தது. வாணியம்பாடியில் ஒரு லேத்துக்காரர் கிடைத்தார். ஒரு வேனின் கியர் பாக்ஸை எடுத்து, நடுவே தகடு கடைந்து வைத்து, பொருத்திக் கொடுத்தார். “ஸ்பீடு போவாது” என்றார். “போக வேணாம்” என்றேன். அவருக்கும் எனக்கும் அவ்வளவுதான் பேச்சு. எனக்குத் திருப்தியாக இருந்தது.

சீட்டு வேலை மட்டும் என் கைக்குள் வந்தது. கட்டிங் ரூமில் ரிஜெக்ட் ஆன எருமைத் தோலைக் கேட்டு வாங்கி, ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி மிஷினிலேயே தைத்தேன். அதிலும் முதல் சீட்டில் தையல் ஒரு நூலளவு விலகியிருந்தது. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது. பிரித்துப் போட்டேன். “மேடத்துக்கே மேடம் ரிஜெக்ட் போட்டாங்க” என்று லைன் முழுக்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குக் கோபம் தரவில்லை.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்ஸ்பெக்டர் காரைச் சுற்றி வந்து, “யாரு ஓட்டுறது?” என்று கேட்டார். “நான்தான்” என்றேன். இதற்காகவே டிரைவிங் ஸ்கூலில் கற்று லைசென்ஸ் எடுத்திருந்தேன். ஓட்டிக் காட்டச் சொன்னார். காட்டினேன். இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை கையெழுத்துப் போட்டார். கார் அழகாக வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பெயிண்ட் ஒரு பக்கம் ஒரு சிவப்பு, மறுபக்கம் வேறு சிவப்பு. முன்விளக்கில் ஒன்று சட்டென்று எழும்பும். மற்றது சோம்பிச் சோம்பி மேலே வரும். ஆனால் ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அமிர்தி வரைக்கும் போய்வந்தேன். பக்கத்து சீட்டில் யாரும் இல்லை.

ஒருநாள் காலை பத்து மணிக்குத் தம்பி மனைவி போன் செய்தாள். ஒன்றரை வருடத்தில் முதல் போன். “அண்ணி, அத்த பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. மணிக்கட்டு வீங்கிக்கிச்சி. ஆம்பூர்ல முட்டி பாத்த டாக்டர்கிட்டதான் போவேன்னு அடம் புடிக்கிறாங்க. அவரு வேலையில இருக்காரு.”

லீவு சொல்லிவிட்டுப் போனேன். அம்மா துண்டால் கையைத் தொங்கவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தாள்.

“இதுல ஏர்றதுக்கு கெணத்துல எறங்கலாம்” என்றாள்.

இடுப்பைப் பிடித்துத்தான் உள்ளே உட்காரவைத்தேன். வழி முழுக்க, ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு முனகல். வாணியம்பாடி தாண்டியதும் நல்ல கையால் சீட்டைத் தடவிப் பார்த்தாள். “இது நீ தெச்சதா?” என்றாள். “ம்” என்றேன். 

கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது தம்பி வீட்டுக்கு வந்துவிட்டிருந்தான். அம்மாவை இறக்கினான். உள்ளே வா என்று என்னைக் கூப்பிடவில்லை. நான் இறங்கவும் இல்லை. சாவியைத் திருப்பினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடியும் ‘டிக்’. எதிர்வீட்டில் இரண்டு பேர் வாசலுக்கு வந்தார்கள். என் காது சூடாகிவிட்டது.

தம்பி கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனான்.

“செகண்டுல போடு” என்றான்.

“எனுக்குத் தெரியும்.”

தள்ளினான். தெரு மேடு. அவன் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. பாதித் தெருவில் கிளட்சை விட்டேன். இன்ஜின் உறுமிப் பிடித்துக்கொண்டது. நிறுத்தினால் அணைந்துவிடும், அதனால் நிறுத்தவில்லை. அணையாது என்றாலும் நிறுத்தியிருக்கமாட்டேன்.

மறுநாள் அம்மாவின் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கத் தம்பி மனைவிக்குப் போன் செய்தேன். “அத்த நல்லா இருக்காங்க அண்ணி. அவருக்குத்தான் இடுப்பு புடிச்சிக்கிச்சி. எழுந்திரிக்கவே முடியல” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவும் இல்லை.

“தைலம் போட்டுத் தேச்சிக்கச் சொல்லு” என்று சொல்லிப் போனை வைத்தேன்.