நேற்று இல்லாத வினைச்சொல்

லிஃப்டில் கூட வந்த பக்கத்து வீட்டு அம்மாள், "ஷியா யு ல" என்றார். ஷியா யு என்றால் மழை பெய்வது. கடைசியில் வரும் 'ல' காரியம் முடிந்ததைக் காட்டும் என்று சீன மொழி வகுப்பில் எழுதி வைத்திருந்தேன். சரி, மழை ஓய்ந்துவிட்டது என்று குடையில்லாமல் வாசலுக்கு வந்தால் கொட்டிக்கொண்டிருக்கிறது. மழை பிடித்துக்கொண்டது என்றுதான் அந்த அம்மாள் எச்சரித்திருக்கிறார். முடிந்ததற்கும் 'ல', ஆரம்பித்ததற்கும் 'ல'. எரிச்சலோடு பஸ்ஸுக்கு ஓடினேன்.

கணவர் திருச்செங்கோட்டுக்காரர், ரிக் வண்டி மெக்கானிக். போர்வெல் இயந்திரம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்துச் சீனா வந்தோம். அதற்குமுன் நான் குமாரபாளையத்தில் ஒரு ஜவுளி ஆபீசில் இருந்தேன். வடநாட்டுக்காரர்கள் சரக்கு தாமதமென்று கத்தினால், "அந்தப் புள்ளைகிட்டக் குடுங்க, பேசிச் சமாளிச்சுப்போடும்" என்று முதலாளி போனை என் பக்கம் தள்ளுவார். அப்படிப் பேசியவள் இங்கே ஒரு வினைச்சொல்லிடம் தோற்கிறேன். சாப்பிட்டேன், சாப்பிடுவேன் எல்லாம் இவர்களுக்கு 'ச்சி'தான். அதில் நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. முடிந்ததா, நடந்துகொண்டிருக்கிறதா, எப்போதாவது நடந்ததுண்டா என்பதைப் பக்கத்தில் நிற்கும் சிறு சொல் சொல்லும்.

போன மாரிக்காலத்தில் மகள் காவ்யாவுக்குக் கடும் காய்ச்சல். கணவர் வெளியூரில். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு மருந்தைக் காட்டி, "ச்சி குவோ மா?" என்றாள். இதற்குமுன் எப்போதாவது கொடுத்ததுண்டா என்பது கேள்வி. உண்டு என்று சொல்வதாக நினைத்து நான் "ச்சி ல" என்றேன். இப்போதுதான் கொடுத்தேன் என்று அவள் எடுத்துக்கொண்டாள். நான்கு மணி நேரம் கழித்துத்தான் அடுத்த வேளை என்று நான்கு விரலைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். குழந்தை மடியில் கிடந்து நடுங்கியது. ஏன் தரமாட்டேன் என்கிறார்கள் என்று கேட்கவும் எனக்கு வாக்கியம் வரவில்லை. கணவர் போனில் பேசிப் புரியவைப்பதற்குள் இரண்டு மணி நேரம் போயிருந்தது.

அதற்குப் பிறகுதான் வகுப்பு ஆசிரியை சொன்ன பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். தலையில் பசை தடவிக் கம்பிகள் வைத்த குல்லாயை மாட்டி, திரையில் வாக்கியங்களைக் காட்டினார்கள். சிலவற்றில் வேண்டுமென்றே தப்பான சிறு சொல். சீனர்களின் மூளையில் அந்த இடத்தில் உடனே ஒரு அலை துள்ளும், என் மூளையில் அசைவே தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள் ஆய்வாளர் லின். "நீங்கள் முதலில் நேற்றா இன்றா என்று தேடுகிறீர்கள் போலிருக்கிறது. ஒருவரை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது."

"எனக்கு அந்த அலை வேண்டாம். நர்ஸ் கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தால் போதும்" என்றேன்.

"கவலைப்படாதீர்கள், உங்கள் தவறும் எங்களுக்குப் பயன்படும்" என்று அன்பாகச் சிரித்தாள். தலையில் பசை காயக் காய வீட்டுக்கு வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா போனில் கூப்பிட்டார்.

"சாப்புட்டயா சாமி?" என்று பேத்தியிடம் கேட்டார்.

"சாப்பிட்டேன்ல" என்றாள் காவ்யா, படம் வரைந்துகொண்டே.

அப்பா என்னிடம், "ஏம்மா, புள்ள இப்படி வெடுக்குனு பேசுது? சாப்புட்டயான்னுதான கேட்டேன்" என்றார்.

"கோவமில்லீங்கப்பா. அது இந்த ஊரு 'ல'ங்க. முடிஞ்சுதுன்னா இப்படித்தான் சொல்லுவாங்க."

"என்னமோ போ" என்று வைத்துவிட்டார்.

சொல்லிவிட்டேனே தவிர எனக்கே நிச்சயமில்லை; நம்மூர் வெடுக்கு 'ல'வாகவும் இருக்கலாம். காவ்யாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "தாத்தாகிட்ட நீ எந்த ல சொன்னே கண்ணு?"

அவள் பென்சிலை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "எந்த லன்னா என்னம்மா?"