நாற்பது ப்ளாக்கும் ஒரு ஜீப் ஏலக்காயும்

கணக்கர்களுக்கான இணைய ப்ளாக்குகள் நாற்பதைத் தேடிப்பிடித்துப் பின்தொடர்கிறேன் என்று கம்பம் ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டவன் நான். உண்மையில் தலைப்பைத் தாண்டி எதையும் படித்ததில்லை.

அப்படி ஒரு தலைப்பு, 'ஒரு லட்சம் வரை இ-வே பில் தேவையில்லை' என்றது; வண்டியில் சரக்கு அனுப்ப எடுக்கவேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டுதான் இ-வே பில். உடனே, நான் வரிக்கணக்குப் பார்க்கும் ஏலக்காய் வியாபாரி ரஹீம் பாய்க்குப் போன் போட்டேன். அவரும் என்னை நம்பி, எண்பதாயிரம் ரூபாய்ச் சரக்கை ஜீப்பில் ஏற்றிக் குமுளிக்கு அனுப்பிவிட்டார்.

பதினொரு மணிக்கு அவரே கூப்பிட்டார். "சார், மலைக்கு மேல டாக்ஸ் ஆபீசருக வண்டிய மடக்கிட்டாக. இ-வே பில் எங்கனன்னு கேக்குறாக. சரக்கையே பிடிச்சு வச்சுக்கிருவாகளோ?"

அந்த ப்ளாக்கைத் திறந்தேன். இரண்டாவது வரியே, 'இது தமிழ்நாட்டுக்குள் மட்டும்; வெளிமாநிலத்துக்கு ஐம்பதாயிரம் வரைதான்' என்றது. டீ குடிக்கப் போய்வரும் குமுளி கேரளா என்பதே எனக்கு உறைக்கவில்லை. பாயின் சரக்கும் என் பிழைப்பும் ஒரே ஜீப்பில் மாட்டியிருந்தன. எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருந்தார், படித்தவன்தான் சரியில்லை.

சாயங்காலம் அபராதம் கட்டி வண்டியை மீட்டோம். மன்னிப்புக் கேட்டேன். பாய் திட்டவில்லை.

"இனிமே நீங்க ஒண்ணும் படிக்க வேணாம் சார். லிங்க்க மட்டும் அனுப்புங்க, நானே படிச்சுக்கிறேன்."