கரண்டுக் கதிரையோடு கண்டிக் குளத்தைச் சுற்ற

இந்த வருடம் பெப்ரவரியில் திருச்சியிலிருந்து கண்டிக்குப் போய் ஆறு நாள் இருந்துவிட்டு வந்தேன். மடக்கக்கூடிய மின்சக்கர நாற்காலியோடு விமானம் ஏறியது இதுதான் முதல் தடவை. எதை வாங்கலாம், பேட்டரியை விமானத்தில் விடுவார்களா, மலையூரில் அது ஏறுமா என்று நிறையப் பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட என் விரல்களுக்குத் தெம்பு போதாது. ஆகவே மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

போன காரணத்தை முதலில் சொல்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது கண்டி டவுனில். கல்யாணமாகித் திருச்சிக்கு வந்தவள். வந்த சில வருடங்களில் கால் தசைகள் பலமிழக்கத் தொடங்கின. இப்போது பிடித்துக்கொண்டு எழுந்து இன்னோர் இருக்கைக்கு மாறலாம், அவ்வளவுதான். கண்டியில் வேலைக்குப் போன காலத்தில் அக்கா மாநகர சபையில் கிளார்க், நான் ஒரு புடவைக் கடையில் பில் போடுகிறவள். சாயந்தரம் இருவரும் குளத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு நடந்துவிட்டுத்தான் பஸ் ஏறுவோம். ஒரு ரவுண்டு மூன்றேகால் கிலோமீட்டர் இருக்கும். பகலில் நடந்ததெல்லாம் அதற்குள் பேசித் தீர்ந்துவிடும். வீட்டில் பேச முடியாததையும் அங்கேதான் பேசுவோம்.

கடைசியாக ஒன்பது வருடத்துக்கு முன் போனபோது தள்ளு நாற்காலியில் போனேன். அக்காதான் தள்ளினாள். பின்னாலிருந்து அவள் பேசியதில் பாதி, பஸ் இரைச்சலில் போய்விட்டது. நான் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பதில் சொன்னேன். கொஞ்ச தூரத்திலேயே இருவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தள்ளுகிறவரோடு எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஆனால் சேர்ந்து நடக்க முடியாது. அக்கா என் பக்கத்தில் வர வேண்டும், அவள் முகத்தைப் பார்த்துப் பேசியபடி ஒரு ரவுண்டு போக வேண்டும். இத்தனை வருடமும் நான் ஏங்கியது இதற்குத்தான்.

கரண்டில் ஓடுவது வாங்கலாம் என்றதும் என் கணவர் சேகருக்கு மனத்தாங்கல். "நான் தள்ளமாட்டேன்னு என்னைக்காவது சொன்னேனா?" என்று கேட்டார். நீங்கள் தள்ளும்போது உங்கள் முகம் எனக்குத் தெரிவதில்லை என்றேன். மறுநாளிலிருந்து அவரே கடை கடையாக விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் திருச்சி வீட்டில் எல்லோரும் நாற்காலி என்பார்கள், கண்டிக்காரி எனக்கு இன்றைக்கும் அது கதிரைதான். தவிர, "மின்சார நாற்காலி" என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு மரண தண்டனைதான் ஞாபகம் வருகிறது. அதனால் இனிமேல் கதிரை என்றே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர்கள் முதலில் காட்டுவது, பொத்தானை அழுத்தினால் தானாக மடங்கும் கதிரை. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் இருபத்தெட்டு கிலோ. வேன் டிக்கியில் அதைத் தூக்கி வைக்கப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். கார்பன் ஃபைபரில் செய்தது பதினான்கு கிலோதான். அதன் விலையைச் சொன்னதும் சேகர் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார். நாங்கள் எடுத்தது அலுமினியச் சட்டம் போட்டது. கையால் மடக்க வேண்டும், பேட்டரி நீங்கலாகப் பத்தொன்பது கிலோ, விலை ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய். ஷோரூம் டைல்ஸ் தரையில் எல்லாக் கதிரையும் ஒழுங்காக ஓடும், அதை நம்பாதீர்கள். நான் தெருவுக்கு வந்து, ஒரு சாய்தளத்தில் பாதி ஏறியதும் ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தேன். கதிரை பின்னால் உருளாமல் அப்படியே நின்றது. கண்டிக்குப் போகிறவளுக்கு வேறு என்ன வேண்டும்?

பேட்டரிதான் விமானத்தில் தலைவலி. என்னுடையதில் 24 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர் என்று அச்சிட்டிருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் 240 வாட் ஹவர். கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி 300 வாட் ஹவருக்குள் இருந்தால் கழற்றிக் கையோடு கொண்டுபோக விடுகிறார்கள். கழற்றியதைப் பெட்டிகளோடு கீழே அனுப்பக் கூடாது. நான் நான்கு நாள் முன்பே விமானக் கம்பெனிக்கு எடை, அளவு, பேட்டரி விவரமெல்லாம் எழுதிப் பதில் வாங்கி வைத்திருந்தேன். அது நல்லதாகப் போயிற்று. திருச்சி கவுண்டரில் இருந்த புதுப் பெண் பேட்டரியைப் பெட்டியில் வைத்து அனுப்பச் சொன்னாள். பதிலைக் காட்டியதும் மேலதிகாரியிடம் ஓடிப்போய்க் கேட்டுவந்து மன்னிப்புக் கேட்டாள். அவள்மேல் குற்றமில்லை, அப்படி ஒரு கதிரையை அவள் பார்த்ததே இல்லையாம்.

விமானத்தின் கதவு வரை என் கதிரையிலேயே போனேன். அங்கே பேட்டரியைக் கழற்றி, முனைகளில் டேப் ஒட்டி, அதன் பையில் போட்டோம். கதிரையின் கைகள் ஆடாமல் இருக்கப் பெல்ட்டால் கட்டி, ஜாய்ஸ்டிக்கைப் பழைய துண்டால் சுற்றினோம். கொழும்பிலும் கதவு வாசலுக்கே கதிரை வர வேண்டும் என்று சொல்லி அட்டை மாட்டச் செய்தோம். இதைச் சொல்லாவிட்டால் பெட்டிகள் சுழலும் இடத்துக்குப் போய்விடும், நினைவிருக்கட்டும். பறந்தது ஒரு மணி நேரம்கூட இல்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எல்லோரும் இறங்கிப் போன பிறகு, காலி விமானத்தில் கதிரைக்காக இருபது நிமிடம் காத்திருந்தேன். கதிரை வாங்கி மூன்றே மாதம்தான், அதற்குள் அது இல்லாமல் கதவையே எட்டி எட்டிப் பார்த்தேன். உடைந்து வந்தால் அக்காவோடு மறுபடி பின்னாலும் முன்னாலுமாகத்தான் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நல்லபடியாக வந்தது.

அக்கா ஏற்பாடு செய்த வேன்காரர் அக்குறணைக்காரர், முஸ்லிம். எங்கள் ஊர் வழக்கப்படி அவரை அண்ணா என்னாமல் நானா என்றே கூப்பிட்டோம். மடக்கிய கதிரையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு லைசன் ஈக்கா அக்கா?" என்று கேட்டார். இருக்கிறது, ஃபைன் மட்டும் நீங்கள் கட்டுங்கள் என்றேன். கண்டி வரை நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். கடுகண்ணாவ ஏற்றத்தில் ஜன்னலைத் திறந்ததும் அந்தக் குளிர்ந்த ஈர மண் வாசனை வந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சேகர் வெளியே பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

அக்கா வீடு கெலிஓயாவில். ரோட்டிலிருந்து படியேறித்தான் போக வேண்டும் என்பதால் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் கீழ்த்தளத்து அறை எடுத்திருந்தோம். தங்கச்சி "கரண்டுக் கதிரையில" வருகிறாள் என்று அக்கா சொல்லிவைத்திருக்கிறாள். வீட்டுக்காரச் சிங்கள அம்மா அதை ஃபேன் மாதிரி, வயரில் ஓடுவது என்று எடுத்துக்கொண்டார். அறையிலிருந்து கேட் வரைக்கும் மஞ்சள் எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துவிட்டு, இதற்கு மேல் நீளம் கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டார். வயரில்லாமல் நான் முற்றத்தில் ஒரு வட்டம் போட்டதும், கையைத் தட்டிச் சிரித்தவர் அவர்தான். அங்கே பிளக் சதுர முள்ளுள்ளது, அடாப்டர் எடுத்துப் போங்கள். இரவு முழுக்க சார்ஜ் போட்டேன்.

மறுநாள் சாயந்தரம் நாலரைக்கு அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினாள். புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகைப் பக்கத்திலிருந்து தொடங்கினோம். நடைபாதை மோசமில்லை. ஆனால் மர வேர் தூக்கிய இடங்களும் சரிவில்லாத விளிம்புகளும் உண்டு, துணையில்லாமல் முதல் தடவை போகாதீர்கள். சேகர் வேண்டுமென்றே இருபதடி பின்னால் வந்தார். அக்கா குளத்துச் சுவரோரமாக என் பக்கத்தில் நடந்தாள். அவள் காதோரம் நரைத்திருந்தது, பேசும்போது வலது புருவம் மட்டும் ஏறி இறங்கியது. அந்தப் புருவத்தை நான் மறந்தே போயிருந்தேன். போனில் எத்தனை வருடம் பேசினாலும் அது தெரியாதில்லையா? அவளுடைய மருமகள், என்னுடைய மாமியார், பழைய புடவைக் கடை முதலாளி என்று எல்லோரையும் ஒரு பிடி பிடித்தோம். நான் வேகத்தை இரண்டில் வைத்து அவள் அடிக்கு அடி ஓட்டினேன். எனக்கு வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தது.

முதல் பெஞ்ச் வந்ததும் மீன் பார்ப்போம் என்று அக்கா உட்கார்ந்தாள். இரண்டாவது பெஞ்சில் கபரகொய்யா என்கிற பெரிய உடும்பு நீந்துவதைப் பார்த்தோம். மூன்றாவதில் பார்க்க எதுவும் இல்லை. அவள் சேலையோடு சேர்த்து முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கால்வாசி தூரம்தான் வந்திருந்தோம்.

"என்னக்கா?"

"முட்டி ரெண்டும் போச்சு. ரெண்டு வருசமாச்சு. தூரமா நடக்கவே கூடாதுன்னுட்டாரு டொக்டர்."

போனில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கேட்டேன். குளத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"சொல்லியிருந்தா நீ இந்தக் கதிரைய வாங்கியிருக்க மாட்ட. அதப் பத்திப் பேசுறப்ப ஒன் கொரலே வேற மாதிரி இருந்திச்சு. அதக் கெடுக்க எனக்கு மனசு வரல. நீ சுத்திட்டு வா, நா இங்கருந்து பாத்துக்கிட்டு இருக்கேன்."

தனியாகச் சுற்றவா கடல் தாண்டி வந்தேன் என்றேன். கோபமாகத்தான் சொன்னேன், யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் கதிரையை ஒட்டி நிறுத்தினேன். பேச வேண்டியதை அங்கேயே பேசினோம். மீதிக் குளம் முழுவதும் எதிரே தெரிந்தது. இருட்டும் முன் அவளை த்ரீவீல் ஆட்டோவில் ஏற்றிவிட்டோம். அதற்குப் பிறகு தினமும் வந்தாள், தினமும் அந்த மூன்றாவது பெஞ்ச் வரைக்கும்தான்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பேராதனைப் பூங்காவில் பெரிய பாதைகள் கதிரைக்கு அருமை, புல்வெளியில் மட்டும் இறங்காதீர்கள். ஏற்றங்களில் பேட்டரி சட்டென்று குறைகிறது. கம்பெனி பதினைந்து கிலோமீட்டர் ஓடும் என்றால், கண்டியில் எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹேவாஹெட்ட பக்கம் தேயிலை மலைக்குப் போனால் கதிரையை வேனை விட்டு இறக்க வேண்டாம், ரோடு அப்படி. டயர் காற்றில்லாத வகையாக இருக்கட்டும். தூக்குகிறவர்களிடம் எங்கே பிடிக்க வேண்டும் என்று முதலிலேயே காட்டிவிடுங்கள், கதிரையின் கையைப் பிடித்துத் தூக்கினால் அது கழன்று வரும். ஆட்கள் கேட்காமலேயே பின்னால் வந்து தள்ளுவார்கள், நல்லெண்ணம்தான். மோட்டார் ஓடும்போது தள்ளினால் கதிரை கோணிக்கொள்ளும் என்று சிரித்துச் சொன்னால் விட்டுவிடுவார்கள். எல்லாவற்றையும்விட, எது சிறந்தது என்று என்னைப் போல இரண்டு வருடம் வீடியோ பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சுமாரானது கிடைத்தாலும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். நாம் யாரோடு நடக்க ஆசைப்படுகிறோமோ அவர்களுக்கும் வயதாகிறது.

கிளம்பும் நாள் காலை, சேகர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, நான் போய்விட்டு வருகிறேன் என்றேன். போனை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினார். பனி இன்னும் தண்ணீர் மேலேயே இருந்தது. தனியாக ஒரு ரவுண்டு. அக்காவின் பெஞ்சைத் தாண்டும்போது வேகம் தானாகக் குறைந்தது, பிறகு போய்க்கொண்டே இருந்தேன். மறுகரையில், பின்னால் யாரோ சிங்களத்தில் கூப்பிட்டார்கள். காலை நடைக்கு வந்த இரண்டு பெண்கள். கொஞ்சம் ஓரமாகப் போக முடியுமா, சுவர்ப் பக்கம் அவ்வளவு இடம் இருக்கிறதே என்று மரியாதையாகக் கேட்டார்கள்.

அப்போதுதான் பார்த்தேன். சுவருக்கும் கதிரைக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற அளவு இடம் விட்டு, நடைபாதையை அடைத்தபடி இவ்வளவு தூரமும் ஓட்டி வந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டு ஒதுங்கினேன். இருவரும் பேசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்கள். அவர்கள் வளைவில் மறைந்த பிறகு கவனித்தால், கதிரை மறுபடியும் நடுப்பாதைக்கு வந்திருந்தது.