கால்வாய்க்கரைப் பட்டியல்

திருவனந்தபுரத்தின் விளிம்பிலிருந்த ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே எல்லாப் பிரிவுகளுக்கும் கணினி வந்துவிட்டிருந்தது. ஆனால் ஒரு பிரிவு வைத்திருப்பது இன்னொரு பிரிவுக்குத் தெரியாது. ஒரே வீட்டுக்கு வரிப் பிரிவில் ஓர் எண், சுகாதாரப் பிரிவில் வேறோர் எண். குடும்பத் தலைவர் கீழ்த்தளத்துப் பிரிவின் ஏட்டில் உயிரோடு இருப்பார், மேல்மாடிப் பிரிவின் ஏட்டில் இறந்துபோயிருப்பார். இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பதுதான் என் வேலை. இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. நான் பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பெண். காலையில் தம்பானூர் பஸ் நிலையம் வந்து இன்னொரு பஸ் பிடிப்பேன். பையில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு ஃபிளாப்பிப் பெட்டி ஒன்றும் இருக்கும்.

"எந்தப் பிரிவின் தகவலாக இருந்தாலும், யார் கேட்டாலும் ஒரு நிமிடத்தில் கிடைக்க வேண்டும்" என்று மாதக் கூட்டத்தில் பேசினேன். செயலாளரே கைதட்டினார்.

சுகாதாரப் பிரிவில் ஒரு நர்ஸ் இருந்தார். மலையாளி, ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். கால்வாய்க்கரையில் தகரமும் தார்ப்பாயும் கொண்டு கட்டிய வீடுகளுக்குப் போய்வருவது அவர் பொறுப்பு. திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்திலிருந்து கட்டிட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்தவர்கள் அங்கே இருந்தார்கள். புறம்போக்கு நிலம் என்பதால் மற்ற எந்தப் பிரிவின் ஏட்டிலும் அந்த வீடுகள் கிடையாது. இவர்தான் கதவுகளில் நீலச் சாயத்தால் எண் எழுதி, உள்ளே யார் யார், எந்த ஊர், யாருக்கு எப்போது காய்ச்சல் வந்தது என்று நோட்டு நோட்டாகக் குறித்துவைத்திருந்தார். அவருடைய தமிழும் அங்கே கற்றதுதான்.

"முதல்ல ஒருத்தரும் சரியான பேரு சொல்லல மோளே" என்றார், நான் அந்த நோட்டுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது. "இது மருந்துக்கு மட்டும்தான்னு சத்தியம் பண்ணினேன். பின்னேதான் சொன்னாங்க."

கேட்டுக்கொண்டே தட்டினேன். அந்தச் சத்தியத்தைக் குறிக்க என் அட்டவணையில் கட்டம் இல்லை; வேண்டுமென்று தோன்றவும் இல்லை.

கோடை மழை தொடங்கும் முன் ஒரு நாள் பொறியியல் பிரிவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நகரின் கிழக்கேகோட்டைப் பகுதித் தமிழர், என்னிடம் தமிழில்தான் பேசுவார். அதுவரை என் அறைக்குள் வந்ததில்லை.

"கால்வாயோட ரெண்டு கரையிலயும் இருக்கிற வீடு மொத்தமும் ஒரே லிஸ்டா கிடைக்குமா?"

"கிடைக்கும் சார். எதுக்கு?"

"தூர் வாரணும். அவ்வளவுதான்."

சில நிமிடங்களில் பிரிண்டர் கிறீச்சிடத் தொடங்கியது. தாள் வெளியே வர வர அவர் குனிந்து படித்தார். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது.

"எந்த ஊர்க்காரான்னு இருக்கா?"

"இருக்கு சார்."

"அதையும் சேர்த்துக் குடும்மா."

தூர் வார எதற்கு ஊர்ப்பெயர் என்று மனதில் ஒன்று இடறியது. கேட்கவில்லை. என் வேலையைத் தேடி ஒருவர் வந்த சந்தோஷம் அதை மூடிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து நர்ஸ் வந்தார். குடையை மடக்கக்கூட இல்லை.

"என் நம்பருக்கு மேல செவப்பு பெயின்ட் அடிக்கிறாங்க. கையில லிஸ்ட் இருக்கு. ஒரு வீடு விடாம அடிக்கிறாங்க. அந்த லிஸ்ட் என் நோட்டுல உள்ளது. யாரு கொடுத்தது?"

"நான்தான் சேச்சி."

அவர் உட்கார்ந்தார். பிறகு, "அழிச்சிடு" என்றார்.

அச்சடித்துப் போனதை எப்படி அழிப்பது என்றேன். அது உண்மைதான். வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது, அதைச் சொல்லவில்லை.

செயலாளரைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. "சுகாதாரத்தின் தகவல், பொறியியலின் தகவல் என்று எதுவும் கிடையாது, அலுவலகத்தின் தகவல் மட்டும்தான். கூட்டத்தில் நீங்கள் சொன்னதுதானே?" என்றார் மலையாளத்தில். பட்டியலைத் திரும்பப் பெற வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்த குறிப்பை வாங்கிக் கோப்பில் வைத்தார். அதற்குப் பதில் வரவே இல்லை.

வெளியூர்க்காரர்கள் என்று குறித்து, கரை வீடுகளுக்கு வெளியேற்ற நோட்டீஸ் போயிற்று. மறுநாள் ஒரு பெண் அதை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். தமிழ் பேசுகிறவள் இருக்கிறாள் என்று யாரோ அனுப்பியிருந்தார்கள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரரை இங்க எல்லாரும் வேற பேருலதான் கூப்பிடுவாவ. சரியான பேரை நர்ஸம்மாகிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்கோம். இதுல எப்படிக்கா வந்துச்சு?"

தாளில் எழுத்துப்பிழைகூட இல்லை. அந்த எழுத்துகளைச் சரிபார்த்தவள் நான். "தெரியலம்மா" என்றேன்.

மண் அள்ளும் இயந்திரம் ஒரே காலையில் இரண்டு கரையையும் வழித்துவிட்டது. பாதிப்பேர் ஊருக்குப் போனார்கள். மீதிப்பேர் கால்வாய் சேற்றில் முடியும் இடத்துக்கு நகர்ந்தார்கள். மழை வலுத்ததும் எலிக்காய்ச்சல் மாத்திரைகளோடு நர்ஸ் அங்கே போனார். நானும் கூடப் போனேன். முழங்கால் அளவு தண்ணீர். உள்ளே ஆள் பேசும் சத்தம் கேட்கும். அவர் குரல் கொடுத்தால் நின்றுவிடும். ஒரு தகரக் கதவின் பின்னாலிருந்து ஒரு கிழவர் மட்டும், "இங்க யாரும் இல்ல" என்றார். கொண்டுபோன மாத்திரைகளை அப்படியே திரும்பக் கொண்டுவந்தோம்.

அடுத்த மாதம் அந்தப் பெண் மறுபடி வந்தாள். கணவன் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் இறந்திருந்தான். அவனைச் சேர்த்தபோது வேறொரு பெயர் சொல்லியிருந்தார்கள். இறப்பைப் பதிய வேண்டும். எந்தப் பெயரில் என்று பதிவுப் பிரிவில் யாருக்கும் விளங்காமல் என்னிடம் அனுப்பினார்கள்.

"சரியான பேரைச் சொன்னாத்தான் சர்டிபிகேட் கிடைக்கும்மா."

"எழுதியே ஆகணுமாக்கா?" என்றாள். "எழுதாம முடியாதா?"

பெயர் எனக்குத் தெரியும். அவள் சொல்லும்வரை காத்திருந்தேன். கடைசியில் திரையைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அந்த வருடமே எங்கள் ஏற்பாட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ள மற்ற உள்ளாட்சி அலுவலகங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நல்ல மனிதர்கள், கவனமாகக் குறிப்பெடுத்தார்கள். பட்டியல்களை எப்படி இணைப்பது என்று இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தேன். கால்வாய்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நர்ஸ் ஒருமுறை வாசல்வரை வந்து, உள்ளே நான் பேசுவதைக் கேட்டுவிட்டு, திரும்பிப் போனார். அடுத்த சில மாதங்களில் கணினி நிறுவனங்கள் நிறைந்த கழக்கூட்டம் பகுதியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து நான் விலகிவிட்டேன். என்னிடம் கற்றுக்கொண்டு போனவர்கள் எத்தனை கரைகளுக்குப் பட்டியல் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.