செருப்பை எங்கே விடுவது

வேங்கிக்கால் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் நான் அலுவலக வேலை பார்த்த நாலு வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. யாரும் என்னைத் திட்டவில்லை. சம்பளம் ஒழுங்காக வந்தது. தீபாவளிக்குப் புடவையும் ஸ்வீட் பாக்ஸும் கொடுத்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். குமட்டல் அவர்களை நினைத்து மட்டும் வருவதில்லை.

எல்.கே.ஜி. சேர்க்கை சமயத்தில் என் மேசையைத் தாளாளர் அறைக்கு வெளியே போட்டுவிடுவார்கள். பெற்றோரையும் பிள்ளையையும் உட்கார வைத்துப் பேசிப் பார்ப்பது அவர். விண்ணப்பத்தை வாங்கி ஒவ்வொருவராக உள்ளே அனுப்புவது நான். முதல் வருடமே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"நான் யாரையும் ஜாதி கேக்கறதில்லமா. சம்பளம் எவ்ளோன்னும் கேக்கறதில்ல. ரூமுக்குள்ள வரும்போது செருப்ப எங்க விடறாங்கன்னு மட்டும் நீ பாரு. வெளிய கழட்டி வச்சிட்டு வந்தா ஃபாரம் மூலையில பென்சில்ல ஒரு புள்ளி வை. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

நான் புரியாமல் விழித்தேன். அவரே விளக்கினார். "தைரியமா வளந்தவன் ஷூவோட வருவான். கழட்டறவன் பயந்தவன். அந்த வீட்டுப் பிள்ளைங்க ஜாஸ்தியாச்சுன்னா ஸ்கூல் ஸ்டாண்டர்டு என்ன ஆவறது?"

செருப்பை வெளியே விடுங்கள் என்று அங்கே எந்த போர்டும் இல்லை. விடாதீர்கள் என்றும் இல்லை. வாசலில் இருந்தே பளபளவென்று வெள்ளை டைல்ஸ், அவ்வளவுதான். காரில் வந்தவர்கள் கீழே குனிந்துகூடப் பார்க்க மாட்டார்கள், போன் பேசிக்கொண்டே நுழைவார்கள். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கி வெயிலில் நடந்து வந்தவர்கள் டைல்ஸைக் கண்டதும் தானாக நின்றுவிடுவார்கள். செருப்பைக் கழற்றி, யார் காலிலும் இடறாதபடி சுவரோரமாகத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போவார்கள். நான் புள்ளி வைப்பேன். சாயங்காலம் புள்ளி வைத்த ஃபாரமெல்லாம் தனிக்கட்டாகப் போய்விடும். இடம் முடிந்துவிட்டது என்று அந்தக் கட்டில் இருப்பவர்களுக்குப் போன் செய்து சொல்வதும் என் வேலைதான். பேனா வேண்டாம், பென்சில்தான் என்று அவர் ஏன் சொன்னார் என்பது அப்புறம்தான் உறைத்தது. ரப்பரால் ஒரு தேய் தேய்த்தால் நாங்கள் எல்லோரும் யோக்கியர்கள்.

இதே மனிதர் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெறுங்காலோடு மலை சுற்றுவார். மறுநாள் உள்ளங்காலில் கொப்புளத்தைக் காட்டிப் பெருமைப்படுவார். "அண்ணாமலையார் முன்னாடி எல்லாரும் ஒண்ணுதான்மா" என்பார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு "ஆமா சார்" என்பேன். தூ!

என் அப்பா தாலுகா ஆபீஸில் ஜன்னலுக்கு வெளியே நின்று பேசும்போதுகூடச் செருப்பைக் கழற்றிவிடுவார். அவர் என் கையைப் பிடித்து அந்தப் பள்ளிக்குக் கூட்டி வந்திருந்தால் எனக்கும் ஒரு புள்ளிதான். இது தெரியாமல் நான் புள்ளி வைக்கவில்லை. தெரிந்துதான் வைத்தேன்.

மூன்றாவது வருடம் எங்கள் தெருவில் இருந்தே ஒருத்தி வந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் ரூம் கூட்டித் துடைக்கிற பெண். புருஷன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரே பெண் குழந்தை, நாலு வயது. அம்மா கூடவே லாட்ஜுக்குப் போய்ப் போய் ரூம் கதவைப் பார்த்தே நம்பரெல்லாம் கற்றுக்கொண்டிருந்தது. நூற்றி ஒன்று, நூற்றி இரண்டு என்று தெருவில் போகிற வண்டி நம்பரைக்கூட விடாமல் படிக்கும். ஃபீஸுக்கு ஒரு வருடமாகச் சேர்த்துத் தயாராக வைத்திருந்தார்கள். வேண்டியது ஒரு சீட்டு.

நான் டீச்சர் இல்லை என்றாலும் அவளுக்கு நான் மிஸ்தான். "மிஸ், பாப்பாவுக்கு உங்க ஸ்கூல்ல கெடைக்குமா?" என்று கேட்டாள். வாழ்க்கையில் ஒரு தடவையாவது நல்லது செய்வோம் என்று தோன்றியது.

"உள்ள போகும்போது செருப்பக் கழட்டாத. அப்டியே போ. ஏன்னு கேக்காத."

"இன்னா மிஸ், பெரியவங்க ரூமுக்குள்ள செருப்போடயா?" என்று வாயைப் பொத்திச் சிரித்தாள். அவள் கையைப் பிடித்து இரண்டு தடவை சொன்னேன்.

இன்டர்வியூ அன்றைக்கு இருக்கிறதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். காலில் நீல வார் வைத்த ரப்பர் செருப்பு, ஒரு வாரில் ஊக்கு குத்தியிருந்தது. வாசலில் டைல்ஸைக் கண்டதும் பழக்க தோஷம், நின்றுவிட்டாள். ஒரு கால் செருப்பை விட்டுப் பாதி வெளியே வந்துவிட்டது. என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். காலைத் திரும்ப நுழைத்துக்கொண்டு, குழந்தை கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பி வரும்போது முகமெல்லாம் சிரிப்பு. "நல்லா பேசினாரு மிஸ். பாப்பா நூறு வரைக்கும் நிறுத்தாம சொல்லிச்சு" என்றாள். அவள் ஃபாரத்தில் நான் புள்ளி வைக்கவில்லை. பெரிய சாதனை செய்துவிட்ட மாதிரி எனக்குள் ஒரே குதூகலம்.

அவர் அறை மணி அடித்தது. உள்ளே போனேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலிக்கு முன்னால் லேசாகத் தூசி படிந்த இரண்டு செருப்புத் தடம்.

"செருப்போட நேரா உள்ள வந்து நிக்கறா பாரு. கொஞ்சமாவது மரியாத தெரியுதா? இதுங்களுக்கெல்லாம் திமிரு." என் பென்சிலை வாங்கி அவரே புள்ளி வைத்தார். "ஆயாவ வந்து தொடைக்கச் சொல்லு."

பக்கத்து நாற்காலிக்குக் கீழே செம்மண் கட்டி கட்டியாகக் கிடந்தது. அவளுக்கு முன்னால் வந்தவர்கள் புது மனை பார்த்துவிட்டு நேராக வந்திருந்தார்கள், ஷூவோடு. அவர்களுக்கு அவர் வாசல் வரைக்கும் வந்து கைகொடுத்து அனுப்பியதை நான் பார்த்திருந்தேன். ஆக, கழற்றினால் பயந்தவள், போட்டுக்கொண்டு வந்தால் திமிர் பிடித்தவள். அந்தச் சீட்டு அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே இல்லை. "சார், அந்த மண்ணு..." என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "சரி சார்" என்றேன். ஆயா வந்து மண்ணையும் தூசியையும் ஒரே துணியால் துடைத்துக்கொண்டு போனாள்.

தெருவில் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சாயங்காலம் ஆபீஸ் போனில் கூப்பிட்டேன். தினமும் நீ, வா என்று பேசுகிறவளிடம் "இடம் முடிஞ்சிடுச்சிங்க" என்றேன். அந்த 'ங்க'வை நினைத்தால் இப்போதும் என் வாயைக் கழுவ வேண்டும் போல இருக்கிறது.

சில மாதம் நான் வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். ஒரு நாள் காலையில் பஸ் ஸ்டாப்பில் அவளே என்னைப் பிடித்துக்கொண்டாள். குழந்தையைப் பால்வாடிக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"தப்பு என் மேலதான் மிஸ்" என்றாள். "நீங்க செருப்பு போட்டுக்னு போன்னு சொன்னீங்க. நான் அந்த ஊக்கு குத்தன செருப்ப மாட்டிக்னு வந்துட்டேன். நல்லதா ஒண்ணு வாங்கிப் போட்டுக்கணும்னுதான் சொல்லியிருக்கீங்க, எனக்குத்தான் அப்போ புரியல."

நான் பஸ் வருகிற திசையைப் பார்த்தேன்.

"புதுசு வாங்கிட்டேன் மிஸ். காலுல போடல, பொட்டியோட அப்டியே வச்சிருக்கேன். யூ.கே.ஜி.க்கு கேட்டா சீட்டு தருவாங்களா?"

"பாக்கலாம்" என்றேன். வேங்கிக்கால் பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் குழந்தை பஸ் நம்பரைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தது. நான் பள்ளிக்குப் போய், அதே மேசையில் உட்கார்ந்து, பென்சிலைச் சீவினேன்.