அவர் பெயரில் வந்த மின்சாரம்

என் கணவர் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. துறைமுக வேலை முடிந்து வரும்போது, எங்கள் ஊரான பாலிக் புலாவுக்குப் போகும் மலைப்பாதை வளைவில் அவருடைய மோட்டார் சைக்கிள் சறுக்கிவிட்டது. அதன்பின் நான் சமைத்தேன், சாப்பிட்டேன், துணி துவைத்தேன். அழுகை வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசிக்கவும் தோன்றவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் வீட்டிலும், மேலே ஜாதிக்காய்த் தோட்டத்துக்குள் இருந்த ஏழு வீடுகளிலும் மண்ணெண்ணெய் விளக்குதான். கம்பம் நடுவதற்கும் வீட்டுக்குள் கம்பி இழுப்பதற்கும் அரசாங்கமே செலவு செய்யும் என்று கேள்விப்பட்டு, எல்லாருக்கும் சேர்த்து மனு எழுதிக் கொடுத்தவர் என் கணவர். மூன்று வருடம் பதில் இல்லை.

ஒரு காலையில் ஒரு குமாஸ்தா வந்தார். தமிழர்தான், ஐம்பது வயதிருக்கும். வாசலில் நின்றபடியே கேட்டார்.

"வீட்டுக்காரர் இருக்காராம்மா?"

"இல்லண்ணே."

வெளியே போயிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. வாய் திறக்க அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

"கம்பம் உங்க நிலத்து வழியாத்தான் மேல போவுது. நிலம் அவர் பேர்ல இருக்கு, அவர் சைன் வேணும். வந்தா போட்டு வைக்கச் சொல்லுங்க, நாளைக்கு வர்றேன்."

"பேரு மாறியிருந்தா?"

"அப்ப புதுசா மனு போடணும்லா. அதுக்குள்ள இந்த வருசத்துக் காசு திரும்பிப் போயிடும். மேல ஒரு வீட்டுக்கும் லைட் வராது."

பையிலிருந்து ஒப்புதல் பாரம் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

மேலே தோட்டத்து வீட்டு மலாய்க்கார அக்காதான் எங்கள் சாவு வீட்டில் ஐந்து நாள் சோறு பொங்கிப் போட்டவர். அவருடைய மாமனாருக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. அதையெல்லாம் நினைத்து முடிவெடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அப்படி இல்லை. பாரம் மேசையில் கிடந்தது. அவருடைய பழைய சம்பளச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன்.

மறுநாள் குமாஸ்தாவை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.

"அண்ணன் சைன் போட்டுட்டாரா?"

"போட்டாச்சு."

பாரத்தைப் பார்த்தார். பிறகு சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தார். அதற்குக் கீழே எரிந்த விளக்கையும் பார்த்தார். பாரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"சரிம்மா," என்றார். நான் போட்டு வைத்திருந்த தேநீரைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

இரண்டு மாதத்தில் கம்பங்கள் வந்தன. ஒரு மத்தியானம், நான் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது பல்பு எரிந்தது. மேலே எல்லாரும் சத்தம் போட்டார்கள். மலாய்க்கார அக்கா ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஈரக் கையோடு நின்றேன். அவர் போனதும், பகலில் எதற்கு என்று விளக்கை அணைத்துவிட்டு அரிசியை உலையில் போட்டேன்.

நான் பாயான் லெப்பாஸ் பக்கம் இருந்த பேக்டரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். மின்சார பில் மாதாமாதம் அவர் பெயரில் வந்தது. கட்டப் போனால் மின்சார ஆபீஸ் முகப்பில், பணம் கட்டும் இடத்தில், அவர் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள். நான் எழுந்து போவேன். யாரும் எதுவும் கேட்டதில்லை. ஒன்பது வருடம் அப்படியே போனது.

கடைசியில் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவருடைய இறப்புப் பத்திரத்தோடு பில்லில் பெயர் மாற்ற அங்கே போனேன். முகப்பிலிருந்த பெண் தேதியைப் பார்த்தாள்.

"ஏன்கா இவ்ளோ நாளா மாத்தல?"

"நேரம் கிடைக்கல," என்றேன்.

அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. அடுத்த மாதம் என் பெயரில் பில் வந்தது. இரண்டு நாள் அதைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள், வேலைக்குப் போகும் வழியில் கட்டிவிட்டுப் போனேன்.