புகை வீட்டுக்குப் போன படம்

ரப்பர் வாசனை அடிக்கும் ஓவியத்தை உங்களில் யாராவது பார்த்ததுண்டா, பிள்ளைகளே? நான் போன வாரம் பார்த்தேன். அதற்குப் பெட்டி செய்ததே நான்தான்.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில், ரெங்கத்துக்குப் பக்கம். எனக்கு அங்கே தச்சு வேலை. மேனேஜர் துரையின் மனைவி, அதாவது எங்கள் துரைசாணி, என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு ஒரு படத்தைக் காட்டினார்கள். துணியில் எண்ணெய்ச் சாயம் பூசி அவர்களே வரைந்தது. எதையும் பார்த்து வரையவில்லை. பிறந்த ஊரை நினைத்து நினைத்து வரைந்தார்களாம். அதைச் சீமையில் இருக்கும் தகப்பனாருக்கு அனுப்ப வேண்டும். ஊர் திரும்பும் டாக்டர் ஒருவர் கையோடு கொண்டுபோவார். திங்கட்கிழமை சிங்கப்பூரில் கப்பல்.

படத்தில் என்ன இருந்தது? ஒரு குளம், ஒரு கல் வீடு, மேலே நல்ல நீல வானம். மரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக நின்றன. அந்த ஊரில் குளிர் வருவதற்கு முன்னால் இலைகள் இப்படித்தான் நிறம் மாறிக் கொட்டுமாம்.

எனக்குச் சோறு கொண்டுவந்த என் மகள் செல்லம் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இது மாசி மாசத்துல இலை சிவந்து கொட்டுற ரப்பர் மரந்தானே?"

"இல்லம்மா. இது வேற ஊரு."

"அதானே பார்த்தேன்... ஒரு மரத்துலயும் பால் வெட்டுன கோடே இல்ல."

அளவெடுக்கும்போது ஓரத்தில் என் விரல் பட்டது. விரல் சிவப்பாகிவிட்டது. சாயம் காயவே இல்லை. கார்த்திகை மழையில் எங்கள் வீட்டு உப்பே தண்ணீராக நிற்கிறது. சாயம் எப்படிக் காயும்? துரைசாணியின் முகம் வாடிவிட்டது.

அந்த நேரம் பார்த்து குப்புசாமி பங்களாவுக்கு விறகு கொண்டுவந்தான். இவன் புகை வீட்டுக்காரன். ரப்பர் பாலை உறைய வைத்து, ஷீட்டாக உருட்டி, ஒரு கொட்டகையில் தொங்கவிட்டு, கீழே விறகுப் புகை போட்டுக் காய வைப்பார்களே, அந்தக் கொட்டகைதான் புகை வீடு. போன மாதம் இவன் போட்ட சூடு கூடி ஒரு அடுக்கு ஷீட் கொப்புளம் தட்டிவிட்டது. 'இன்னொரு தடவை ஏதாவது கெட்டால் மூட்டையைக் கட்டு' என்று துரை சொல்லியிருந்தார். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். குப்புசாமிக்கோ கைக்குழந்தை.

ஆனால் குப்புசாமிக்கு ஈரம் என்ற ஒன்றைக் கண்டால் சும்மா இருக்க முடியாது.

"என்கிட்ட குடுங்கம்மா. ரெண்டே நாள்ல காய வச்சித் தரேன்."

"பாய்க்லா, பாய்க்லா" என்றார்கள் துரைசாணி. சரி, சரி என்று மலாயில் சொல்கிறார்களாம். எங்கே, எப்படி என்று அவர்கள் கேட்கவில்லை. அடுப்புப் பக்கம் வைப்பான் என்று நினைத்தார்களோ என்னவோ!

இரண்டு நாள் கழித்துப் புகை வீட்டுக்குப் போனேன். படம் பலகை மாதிரி காய்ந்திருந்தது. ஆனால் நீல வானத்தைக் காணோம். மேலிருந்து கீழ்வரை பால் விடாத தேத்தண்ணி நிறம். குப்புசாமி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

"எப்படி இருக்கு பாருங்கண்ணே. முதல் தர ஷீட்டே இதுகிட்ட தோத்துப்போகும்."

அவன் தொழிலில் அந்த நிறம் வந்தால்தான் பாராட்டு.

இருவருமாகக் கொண்டுபோனோம். துரைசாணி வெகுநேரம் பார்த்தார்கள். உள்ளேயிருந்து துரை வந்தார். படத்தைத் தூக்கி, ஜன்னலுக்கு நேரே பிடித்து, கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முகர்ந்தும் பார்த்தார். பழக்கதோஷம்! அப்புறம்தான் அது ஷீட் இல்லை என்று உறைத்தது போல.

"குப்புசாமி, யார் சொல்லி இதைப் புகையிலே போட்டே?"

அப்போதுதான் குப்புசாமிக்கு விஷயம் புரிந்தது. தலைத்துண்டு கைக்கு வந்துவிட்டது. என்னைப் பார்த்தான். நான் படத்தைப் பார்த்தேன்.

"நான்தான்" என்றார்கள் துரைசாணி. இங்கிலீஷில் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த கொஞ்சத்தில் அது புரிந்தது. "காய வைத்துத் தருகிறேன் என்றான். சரி என்றேன். எப்படி என்று நான் கேட்கவில்லை."

துரை படத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். குப்புசாமியின் வேலை தப்பியது.

துரைசாணி ஒரு துணியால் வானத்தைத் துடைத்தார்கள். உள்ளங்கை அகலம் நீலம் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. புதிதாக வரைய நாளும் இல்லை.

"பெட்டியில் வை" என்று என்னிடம் சொன்னார்கள். "அப்பா கேட்டால், அது சாயங்காலம் என்று எழுதுகிறேன்."

ஆணி அடித்துக் கொடுத்தேன். படம் கப்பல் ஏறிவிட்டது.

பிள்ளைகளே, உதவி செய்ய ஓடுகிறவர் 'எப்படிச் செய்யட்டும்?' என்று ஒரு வார்த்தை கேட்கலாம். உதவி வாங்கிக்கொள்கிறவரும் 'எப்படிச் செய்வாய்?' என்று கேட்கலாம். இரண்டு பேரும் கேட்காமல் போனால், பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளத் துரைசாணி மாதிரி ஒருவர் இருக்க வேண்டியிருக்கிறது. எல்லா இடத்திலும் இருப்பார்களா?

திரும்பி வரும்போது குப்புசாமி வாயே திறக்கவில்லை. மனசு நொந்துவிட்டான், பாவம் என்று நினைத்தேன். லயம் கண்ணில் பட்டதும் மெதுவாகச் சொன்னான்.

"அண்ணே... பின்பக்கம் கொஞ்சம் ஈரம் நின்னுபோச்சு. அடுத்த படத்துக்கு இன்னும் ஒரு நாள் கேட்டு வாங்கணும்."